சந்தைக்கு வெளியே வந்து சந்திப்பவர்: விற்பவரைக் காத்த வரலாறும் இன்றைய இணைய விற்பனையும்



எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரி ஒருவர், வீட்டில் பயன்பாடின்றிக் கிடந்த தையல் இயந்திரத்தை விற்பதற்காக இணையத்தில் விளம்பரம் இட்டார். விலை 9,000 ரூபாய். அரை மணி நேரத்திற்குள் ஒருவர் அழைத்தார். தாம் இராணுவத்தில் பணிபுரிபவர் என்றார். பேரம் பேசவில்லை, பொருளைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. பணத்தை உடனே அனுப்பிவிடுவதாகவும் மாலையில் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும் என்றும் கூறினார். சரிபார்ப்பதற்கென முதலில் 10 ரூபாய் அனுப்பினார்; அது வந்து சேர்ந்தது. பிறகு ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டால் முழுத் தொகையும் கணக்கில் ஏறும் என்றார். சகோதரி அவ்வாறே செய்தார். பணம் ஏறவில்லை, கணக்கிலிருந்த 9,000 ரூபாய் வெளியேறியது. “தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் ஒருமுறை செய்யுங்கள், இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும்” என்று அவர் பணிவாகக் கூற, இன்னொரு 9,000 ரூபாயும் போயிற்று.

இதில் என்னை அதிகம் வருத்தியது பண இழப்பு அன்று. அச்சகோதரி இரண்டு மாதங்கள் இதை எவரிடமும் சொல்லவில்லை. “படித்தவள் இப்படி ஏமாந்தாளே என்று வீட்டில் பேசுவார்கள்” என்ற அச்சம் அவரைக் காவல் துறைக்கும் செல்லவிடவில்லை, வங்கிக்கும் செல்லவிடவில்லை.

ஏமாற்றியவன் நிம்மதியாக இருக்க, ஏமாந்தவர் தலைகுனிந்து நிற்பது நம் மரபா? விற்பவரும் வாங்குபவரும் ஏமாற்றப்படுவது புதிய செய்தி அன்று. அதை நம் முன்னோர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை வரலாறு தெளிவாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. அதைச் சற்றே திரும்பிப் பார்ப்பது இன்றைக்கும் பயன் தரும்.

ஏமாந்த தோழருக்குக் கிடைத்த பதில்

மதீனாவில் நபித்தோழர் ஒருவர் இருந்தார். தலையில் பட்ட காயத்தால் அவருடைய பேச்சும் சிந்தனையும் சற்றுத் தளர்ந்திருந்தன. ஆயினும் வணிகத்தை அவர் விடவில்லை. அதில் அடிக்கடி ஏமாற்றப்பட்டும் வந்தார். அவருடைய குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, அவர் கொடுக்கல் வாங்கல் செய்வதைத் தடை செய்துவிடுமாறு வேண்டினர். நபி (ஸல்) அவர்கள் அவரை அழைத்து வணிகத்திலிருந்து விலகியிருக்கச் சொன்னார்கள். தம்மால் வணிகம் செய்யாமல் இருக்க இயலாது என்று அவர் கூறினார். அப்போது அவரைக் கடிந்துகொள்ளாமல், வணிகம் செய்யும்போதெல்லாம் இரண்டு நிபந்தனைகளைச் சொல்லிவிடுமாறு கற்றுக்கொடுத்தார்கள். ஒன்று, கொடுப்பதும் பெறுவதும் கைக்குக் கை நிகழ வேண்டும். மற்றொன்று, இதில் ‘கிலாபா’ கூடாது.

அனஸ் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் இச்செய்தி வந்துள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியிலும் இதன் சுருக்கம் உண்டு. அவர் வாங்கிய பொருளைத் திருப்பித் தருவதற்கு மூன்று இரவுகள் அவகாசம் வழங்கப்பட்டதாக இப்னு மாஜாவில் காணப்படுகிறது.

‘கிலாபா’ என்னும் அரபுச் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆட்சியைக் குறிக்கும் ‘கிலாஃபத்’ வேறு, இது வேறு. இனிய பேச்சால் மனத்தை மயக்கி ஏமாற்றுவதையே இச்சொல் குறிக்கிறது. அச்சகோதரியிடம் பறித்தவன் பூட்டை உடைக்கவில்லை, கத்தியைக் காட்டவில்லை, பேசினான், அவ்வளவே.

குடும்பத்தார் கேட்டது தடை. நபி (ஸல்) அவர்கள் இறுதியில் வழங்கியது பாதுகாப்பு. வயது முதிர்ந்த தந்தையோ, வெளியுலகப் பழக்கம் குறைந்த தாயோ ஒருமுறை ஏமாந்துவிட்டால், “இனிமேல் நீங்கள் போனைத் தொட வேண்டாம்” என்று சொல்லும் பிள்ளைகள் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ள வேண்டும். ஏமாந்தவரின் உரிமையைப் பறிப்பதற்கு முன், அவர் கையில் ஒரு விதியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

சந்தையும் சந்தைக்கு வெளியேயும்

வாங்குபவரை ஏமாற்றும் விற்பனையாளரைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டதும், நனைந்ததை மறைத்து வைத்த வணிகரைக் கண்டித்ததும் ஜும்ஆ உரைகளில் பலமுறை கேட்டவை. ஆனால் விற்பவரைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் இருந்தது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அக்காலத்தில் கிராமப்புறத்தாரும் பாலைவனத்தாரும் தானியம், கால்நடை ஆகியவற்றை ஒட்டகங்களில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வருவர். நகரச் சந்தையில் அன்றைய விலை என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது. இதை அறிந்த சிலர் ஊருக்கு வெளியே சென்று வழியிலேயே அவர்களைச் சந்தித்து, குறைந்த விலைக்குச் சரக்கை முடித்துக்கொள்வர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். மீறி எவரேனும் வாங்கிவிட்டால், சரக்கின் உரிமையாளர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தபின் அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம் என்ற உரிமையையும் வழங்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது இடம்பெற்றுள்ளது.

இச்சட்டத்தின் உட்பொருள் ஆழமானது. சந்தை என்பது வெறும் இடம் அன்று. அங்கே விலை எல்லோர் காதிலும் விழும். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருப்பர். சச்சரவு எழுந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கும். சந்தைக்கு வெளியே விற்பவர் தனித்து நிற்கிறார்.

இன்று விற்பனைத் தளத்தில் விளம்பரத்தைப் பார்த்தவுடன், “இங்கே பேச வேண்டாம், வாட்ஸ்அப்புக்கு வாருங்கள்” என்று ஒருவர் அழைக்கிறார். அந்தத் தளத்தில் அவருடைய கணக்கைப் புகாரளிக்க வழியுண்டு, பேசியது பதிவாகியிருக்கும். வெளியே அழைத்துவிட்டால் இவை இல்லை. ஊர் எல்லையில் ஒட்டகத்தை மறித்தவர்களும் இவரும் தேடுவது ஒன்றையே: விற்பவரின் தனிமையை. வாட்ஸ்அப்புக்கு அழைப்பவர் அனைவரும் மோசடிக்காரர் அல்லர். ஆனால் அழைப்பு வந்த நொடியில் நாம் சந்தையை விட்டு வெளியேறுகிறோம் என்ற உணர்வு நமக்கு வேண்டும்.

இடைவெளியில் எழுந்த வழக்கு

அபூதாவூதில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. நபி (ஸல்) அவர்கள் நாட்டுப்புறத்து அரபி ஒருவரிடம் குதிரை ஒன்றை விலை பேசி முடித்தார்கள். விலையைத் தருவதற்காக அவரைத் தம்முடன் வருமாறு கூறி விரைந்து நடந்தார்கள். அவரோ மெதுவாக வந்தார். விற்பனை முடிந்ததை அறியாத சிலர் வழியில் அவரிடம் அதே குதிரைக்கு விலை கேட்டனர். உடனே அந்த அரபி, தாம் இன்னும் விற்கவில்லை என்று மறுத்து, சாட்சி கொண்டுவருமாறு கேட்டார். குஸைமா இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் முன்வந்து சாட்சி கூறினார்கள். அவர்களுடைய சாட்சியம் இரண்டு பேரின் சாட்சியத்திற்கு நிகராக ஏற்கப்பட்டது.

குஸைமா (ரலி) அவர்களின் சிறப்புக்காகவே இந்நிகழ்ச்சி பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. நம் தலைப்புக்கு வேண்டியது இன்னொன்று. பேச்சு முடிந்த நேரத்திற்கும் பணம் கைமாறும் நேரத்திற்கும் இடையே சிறிது தொலைவு விழுந்தது. அந்தத் தொலைவில்தான் வழக்குப் பிறந்தது. உலகிலேயே நம்பிக்கைக்குரியவரான அல்லாஹ்வின் தூதரிடமே ஒருவர் சாட்சி கேட்க முடிந்தது. அதற்காக அவர் தண்டிக்கப்படவில்லை. அவ்வாறிருக்க, முகம் தெரியாத ஒருவரிடம் சான்று கேட்பதற்கு நாம் ஏன் கூச வேண்டும்?

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கொடுக்கல் வாங்கலைப் பற்றியதே. தவணைக் கடனைச் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் அது பணிக்கிறது. கைக்குக் கை உடனே நடக்கும் வணிகத்தை எழுதாமல் விடுவதில் குற்றமில்லை என்றும், ஆயினும் விற்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளலாம் என்றும் வழிகாட்டுகிறது. பயணத்தில் எழுதுபவர் கிடைக்காவிடில் கைவசப்படுத்தப்பட்ட அடைமானம் போதும் என்று அடுத்த வசனம் கூறுகிறது. உடனடி வணிகம், தவணை வணிகம், தொலைவில் இருக்கும்போது நடக்கும் வணிகம் என ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு காவல் வகுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இடைவெளி கூடக் கூடக் காவலும் கூட வேண்டும் என்பதே இதன் ஒழுங்கு.

தொலைதூர வணிகர்கள் கண்ட வழிகள்

இஸ்லாமிய உலகம் விரிந்தபோது இந்த ஒழுங்கு நடைமுறையாக வளர்ந்தது. 10ஆம் நூற்றாண்டின் பயணியான இப்னு ஹவ்கல், சஹாராப் பாலைவனத்தின் தென்விளிம்பில் இருந்த அவ்தகஸ்த் நகரில் ஒரு கடன் பத்திரத்தைக் கண்டதாக எழுதியுள்ளார். அதன் தொகை 42,000 தீனார். கடன் கொடுத்தவர் பாலைவனத்தின் மறுபுறத்தில் உள்ள ஸிஜில்மாஸா நகரத்தவர். இவ்வளவு பெருந்தொகை இவ்வளவு தொலைவைக் கடந்து நம்பப்பட்டதற்குக் காரணம், நேர்மையாளர் எனச் சான்று பெற்ற சாட்சிகள் அதில் ஒப்பமிட்டிருந்ததே. இத்தகைய பத்திரத்துக்கு ‘ஸக்’ என்று பெயர்.

1051ஆம் ஆண்டில் பஸ்ராவுக்கு வந்த பாரசீகக் கவிஞரும் பயணியுமான நாஸிர் குஸ்ரவ், அங்குள்ள சந்தையின் நடைமுறையை விவரிக்கிறார். வணிகர்கள் தம் செல்வத்தை ஸர்ராஃப் எனப்படும் நாணயமாற்றுநரிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெறுவர். வாங்கும் பொருள்களுக்கு அவர்மீதே சீட்டு எழுதிக் கொடுப்பர். பணத்தை வைத்திருப்பவர் சந்தை அறிந்த மூன்றாம் மனிதர். வாங்குபவரின் வாய்ச்சொல்லை மட்டும் விற்பவர் நம்பியிருக்க வேண்டியதில்லை. இன்று ஒருவர் “பணம் அனுப்பிவிட்டேன்” என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால், அது வாங்குபவரின் வாய்ச்சொல்லே. நம் ஸர்ராஃப் நம் வங்கி. அங்கே சென்று பார்த்து, கணக்கில் இருப்பு உயர்ந்திருந்தால் மட்டுமே பணம் வந்தது என்று பொருள்.

சந்தைகளைக் கண்காணிக்க முஹ்தசிப் என்ற அதிகாரியும் நியமிக்கப்பட்டிருந்தார். அவருக்கென எழுதப்பட்ட கையேடுகளில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷைஸரீயின் நூலும், 1329இல் மறைந்த இப்னுல் உகுவ்வாவின் நூலும் புகழ்பெற்றவை. ஒவ்வொரு தொழிலுக்கும் அத்தொழிலைச் சேர்ந்த, அதன் தந்திரங்களை நன்கறிந்த நேர்மையாளர் ஒருவரைத் துணையாக வைத்துக்கொள்ளுமாறு ஷைஸரீ அறிவுறுத்துகிறார். நல்லவராக இருப்பது மட்டும் போதாது, தீயவரின் வழிகளையும் சமூகத்தில் சிலர் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கருத்து.

அரசரையே வென்ற சிறு லாபம்

அந்த அறிவை முழுநூலாகவே எழுதியவர் ஒருவர் உண்டு. திமிஷ்குக்கு அருகிலுள்ள ஜவ்பர் என்ற ஊரைச் சேர்ந்த ஜவ்பரீ, 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மோசடிக்காரர்களின் இரகசியங்களை 30 அத்தியாயங்களில் வெளிப்படுத்தினார். அதில் அவர் கூறும் ஒரு கதை, சுல்தான் நூருத்தீன் ஸங்கீயைப் பற்றியது.

பாரசீகன் ஒருவன் 1,000 பொன் தீனார்களை அராவிப் பொடியாக்கினான். கரித்தூள் முதலியவற்றுடன் கலந்து உருண்டைகளாக்கி, ஏழைத் துறவியின் உடையில் சென்று, நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் அற்ப விலைக்கு விற்றான். பின்னர் செல்வந்தனின் உடையில், தனக்கு இரசவாதம் தெரியும் என்ற பேச்சைப் பரப்பினான். செய்தி சுல்தானை எட்டியது. பொன் செய்வதற்கு ஓர் அரிய மருந்து தேவை என்றான். தேடியபோது அது அந்தக் கடையில் ‘கிடைத்தது’. உருக்கியபோது உண்மையான பொன் வந்தது. அது அவன் இட்ட பொன்னே. சுல்தான் முழுமையாக நம்பினார். அம்மருந்து குராசானில் நிறையக் கிடைக்கும் என்று கூறி, ஏராளமான சரக்குடனும் பணத்துடனும் புறப்பட்டவன் திரும்பவே இல்லை.

அந்நகரில் ஏமாளிகளின் பட்டியல் எழுதிவந்த ஒருவர் சுல்தானின் பெயரை முதலில் எழுதினாராம். சுல்தான் அழைத்துக் காரணம் கேட்டபோது, அந்தப் பாரசீகன் திரும்பி வந்தால் சுல்தானின் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரை எழுதிவிடுவதாகப் பதிலளித்தார் என்று ஜவ்பரீ முடிக்கிறார்.

கதையில் கற்பனை கலந்திருக்கலாம்; அதன் பொறிமுறை மெய்யானது. முதலில் மெய்ப்பொன்னைக் கொடுத்து நம்பிக்கையை வாங்குவது. பிறகு அந்த நம்பிக்கையைக் கொண்டு முழுவதையும் வாங்குவது. தையல் இயந்திரம் விற்ற சகோதரிக்கு முதலில் வந்த 10 ரூபாயை நினைத்துப் பாருங்கள். அது அந்தப் பாரசீகனின் பொன்பொடியே. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு நூலில், திறம்மிக்க ஆட்சியாளர் ஒருவரே இதில் வீழ்ந்ததாகக் காட்டப்பட்டிருக்க, நம் சகோதரி வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது?

இன்றைய விற்பனைக்குச் சில விதிகள்

முன்னோர் வகுத்த காவல்களை இன்றைய கருவிகளுக்குப் பொருத்தினால், நம் குடும்பங்களுக்குப் பின்வருவன போதுமானவை.

1. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. 2016இல் யுபிஐ அறிமுகமான நாள் முதல் அதன் அடிப்படை இதுவே: பின் எண்ணை இடுவது நம் கணக்கிலிருந்து பணத்தை அனுப்புவதற்கு நாம் தரும் ஒப்புதல். பணம் பெறுவதற்காகப் பிறர் அனுப்பும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. வீட்டிலுள்ள முதியவர்களுக்கு இதை ஒன்றை மட்டுமாவது மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

2. கைக்குக் கை. பொருளும் பணமும் ஒரே அமர்வில் மாறட்டும். ஸ்க்ரீன்ஷாட்டையோ, குறுஞ்செய்தியையோ நம்பாமல், வங்கிச் செயலியை நாமே திறந்து இருப்பைப் பார்த்த பின்னரே பொருளை ஒப்படைக்க வேண்டும்.

3. “அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்” என்று ஒருவர் அவசரப்படுத்தினால், முதலில் கணக்கைப் பாருங்கள். 1,500க்குப் பதிலாக 15,000 வந்ததாகக் காட்டும் போலிக் குறுஞ்செய்தி பழக்கமான தந்திரம். உண்மையிலேயே கூடுதலாக வந்திருந்தால் அது பிறர் பொருள். வங்கியின் வழியாகத் திருப்பிக் கொடுப்பதே பாதுகாப்பானது.

4. பொருளைப் பாராமல், பேரம் பேசாமல், கேட்ட விலையைத் தர ஒப்புக்கொள்பவரிடம் எச்சரிக்கை தேவை. சீருடைப் படமும் அடையாள அட்டையின் படமும் சான்று ஆகா. அவை வேறொருவரிடமிருந்து திருடப்பட்டவையாக இருக்கலாம். நம் ஆதார் அட்டையின் படத்தையும் அவ்வாறே எவருக்கும் அனுப்பக் கூடாது.

5. ஓடிபி எண்ணைச் சொல்வதோ, பிறர் கூறும் செயலியை நிறுவி நம் கைபேசித் திரையை அவருக்குக் காட்டுவதோ கூடாது.

6. சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், துணையுடன் அமையட்டும். அந்தத் துணையே நம் சாட்சி. விலை உயர்ந்த பொருளாயின் இருவர் ஒப்பமிட்ட ஒரு துண்டுச் சீட்டு பின்னாளில் பெரிதும் உதவும்.

7. பொருளின் குறையை நாமே முதலில் சொல்லி, எழுத்திலும் இட வேண்டும். அது நம் கடமை. பின்னர் எழும் பொய்ப் புகாரிலிருந்து நம்மைக் காக்கும் கவசமும் அதுவே.

8. ஏமாற்றப்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு அழைத்தும், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் அளிக்கலாம். வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் புகார் சென்றால் அதை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கத்தால் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்கு நாம் தரும் அவகாசம்.

சந்தேகம் அன்று, ஒழுங்கு

“பிறரைச் சந்தேகிப்பது பாவம் அல்லவா, ஒருவரிடம் இவ்வளவு நிபந்தனை விதிப்பது முறையா?” என்று நல்ல மனம் கொண்ட சிலர் கேட்பதுண்டு. மேலே கண்ட வரலாறே இதற்கு விடை. எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் அல்லாஹ் கூறியது ஈமான் கொண்டவர்களை நோக்கியே. எதிரில் இருப்பவர் திருடர் என்பதற்காக அந்த ஏற்பாடு செய்யப்படவில்லை. இருவருக்கும் இடையில் பின்னாளில் ஐயம் எழாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டது. நேர்மையாக வாங்க வருபவர், “கணக்கைப் பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்ற சொல்லால் புண்படமாட்டார். அதைக் கேட்டுக் கோபம் கொள்பவரும் அவசரப்படுத்துபவரும் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கின்றனர்.

அந்தச் சகோதரிக்கு நபித்தோழரின் நிகழ்ச்சியை நான் சொன்னபோது, அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “அவருடைய வீட்டார் நபி (ஸல்) அவர்களிடமாவது போய்ச் சொன்னார்களே” என்றார். அன்று மாலையே கணவரிடம் நடந்ததைக் கூறினார். புகார் பதிவாயிற்று, இரண்டு மாதத் தாமதத்தால் பணம் இதுவரை திரும்பவில்லை. தையல் இயந்திரம் பின்னர் விற்றுப்போயிற்று. பக்கத்துத் தெருவிலிருந்து நேரில் வந்த ஒரு தாய், ஓட்டிப் பார்த்து, 500 ரூபாய் குறைத்துக் கேட்டு, நோட்டுகளை எண்ணிக் கொடுத்து எடுத்துச் சென்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு செய்தியை எவரேனும் மனத்தில் புதைத்து வைத்திருக்கக்கூடும். இன்று இரவு உணவின்போது இந்த வரலாற்றைப் பேசிப் பாருங்கள். அவர்கள் வாய் திறப்பதற்கு அது ஒரு வாசலாக அமையலாம். நம் கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் பரக்கத்தைத் தருவானாக. ஏமாற்றுவதிலிருந்தும் ஏமாறுவதிலிருந்தும் நம்மைக் காப்பானாக. ஆமீன்.